அரணையின் வால்

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த செங்கல் குவியலில் வெயில் ஏறிய பிறகுதான் அரணை வெளியே வரும். குணவதி அதைப் பல நாளாகப் பார்த்துவந்தாள். முதலில் கல் இடுக்கில் தலை மட்டும் தெரியும். பிறகு எண்ணெய் தடவியது போல் மினுங்கும் உடம்பை இழுத்துக்கொண்டு வந்து, சூடேறிய கல்லில் வயிற்றை அப்பிப் படுத்துக்கொள்ளும். சாணத்தைச் சுற்றும் வண்டோ பூச்சியோ பக்கத்தில் வந்தால் ஒரே பாய்ச்சல். ஆள் நிழல் பட்டால் மட்டும் இடுக்குக்குள் வழுக்கிப் போய்விடும்.

அது கடித்தாலும் நக்கினாலும் ஆள் பிழைக்காது என்று சின்ன வயதிலேயே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். கப்பலேறி பினாங்குக்கு வந்த பிறகு, டத்தோ கிராமாட்டில் குடியிருந்தவர்களும் அதையே சொன்னார்கள். சோற்றில் விழுந்தால் வீட்டோடு எல்லோரையும் வாரிக்கொண்டு போய்விடுமாம். பக்கத்து வீட்டுச் சபூரா அதற்குப் பயந்தே அடுப்பில் இருக்கும் சட்டியைக்கூட மூடி, மூடியின் மேல் கல்லை வைப்பாள்.

அன்று காலை குணவதி ஒரு மண்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு குவியலுக்குப் பக்கத்தில் மூச்சை அடக்கி நின்றாள்.

அவள் புருஷன் பிச்சைமுத்து மாடு வைத்துப் பால் விற்பவன். ஊருக்குள் அவனுக்கு நல்ல பேர். தண்ணீர் கலக்காத பால், வாடிக்கைக்காரர்களிடம் தணிந்த பேச்சு. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் வேறு ஆள். குணவதியின் இடது மணிக்கட்டு கோணலாக ஒட்டியிருந்தது. வைக்கோல் நனைந்துவிட்டது என்பதற்காக விழுந்த அடி அது. போன மழைக்காலத்தில் வயிற்றில் இருந்த பிள்ளையும் ஓர் உதையில் போயிற்று. அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் முந்தின நாள் அவன் அவளை அடிக்கவே இல்லை. குடித்திருக்கவும் இல்லை. வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னான்.

"இந்தச் சாணிக் குழியிலயே உன்னைப் போட்டு மூடிட்டா, யாருடி வந்து கேக்கப் போறா? உனக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா?"

விடிந்ததும் போய்ப் பார்த்தாள். சாணிக் குழியின் ஒரு மூலை புதிதாகத் தோண்டப்பட்டிருந்தது. மண் இன்னும் ஈரமாக இருந்தது.

அரணை முழுவதுமாகக் கல்லின் மேல் வந்தது. சட்டியைக் கவிழ்த்தாள். அது பாய்ந்தது; ஆனால் சட்டி முந்திக்கொண்டது. விளிம்பில் ஏதோ நசுங்கியது போலக் கைக்குத் தெரிந்தது. அடுத்த நொடி வால் தனியாக அவள் காலடியில் விழுந்து துள்ள ஆரம்பித்தது.

குணவதி வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். உடம்பு சட்டிக்குள் இருக்கிறது. வெளியே கிடக்கும் வால் சுருண்டு, நிமிர்ந்து, மறுபடி சுருண்டது. தனக்கென்று ஓர் உயிர் இருப்பது போல அடித்துக்கொண்டது. அது அடங்கும் வரை அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. அடங்கிய பிறகு ஒரு சேம்பு இலையால் எடுத்துச் சுருட்டி, கூரைச் செருகலில் வைத்தாள். சட்டியின் மேல் ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, கொட்டகையைக் கழுவப் போனாள். பிச்சைமுத்து காலைப் பாலை ஊற்றிவிட்டு வருவதற்குள் அந்த அரணையை வெட்டி அரைத்துவிட வேண்டும். அதுதான் அவள் திட்டம்.

கழுவி முடித்து, கத்தியோடு வந்து சட்டியை லேசாகத் தூக்கினாள்.

உள்ளே ஓர் அரணை மட்டும் இல்லை. பெரிய அரணை வால் போன மொட்டையோடு ஓரமாக ஒடுங்கிக் கிடந்தது. விலா இரண்டும் மேலும் கீழும் ஏறி இறங்கின. அதன் பக்கத்தில் குட்டிகள். விரல் நீளம்கூட இல்லை. ஒன்றின் மேல் இன்னும் கண்ணாடி போல ஒரு சவ்வு ஒட்டியிருந்தது. அது தலையால் முட்டிக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது. பல்லியைப் போல அரணையும் முட்டைதான் இடும் என்று குணவதி நினைத்திருந்தாள். இது ஆடு மாடு மாதிரி குட்டியாகவே போட்டிருந்தது.

கத்தி கையில் இருந்தது. கை எழவில்லை. கவிழ்த்த சட்டிக்குள், இருட்டில், வால் அறுந்த வலியோடு அது பெற்றிருக்கிறது. குட்டிகள் ஆளுக்கொரு பக்கம் கல் இடுக்கைத் தேடி ஓடின. தாய் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேறு பக்கம் வழுக்கிப் போயிற்று. குணவதி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் மனசு லேசாக இருந்தது. கூரையில் இருப்பதையும் எடுத்து வீசிவிடலாம் என்றுதான் எழுந்தாள்.

அப்போது சைக்கிள் மணி கேட்டது.

பிச்சைமுத்து பால் தூக்குகளை இறக்கி வைத்தான். "மத்தியானம் வீட்டுக்கு வரமாட்டேன். சூலியா தெருவுல ஒரு கந்தூரி விருந்து. பால் நிறையக் கேட்டிருக்காங்க. சோத்தைக் கட்டிக் குடு. கருவாட்டுத் துவையல் அரை, நிறையவே வை."

"சரிங்க."

அவன் கொட்டகைக்குப் பின்பக்கம் போனான். திரும்பி வந்தபோது காலில் ஈர மண் ஒட்டியிருந்தது.

"சாயங்காலம் வந்து அந்தக் குழி வேலைய முடிச்சிடணும்" என்றான், அவளைப் பார்த்தபடி. "நீ எங்கயும் போயிடாதே."

அவன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் குணவதி கூரைச் செருகலில் கையை விட்டாள். சுட்ட கருவாடு, வறுத்த மிளகாய், புளி, தேங்காய், அவற்றோடு அந்த வால். அம்மிக்கல்லை இழுத்து இழுத்து அரைத்தாள். கோணல் மணிக்கட்டு வலித்தது. நிறுத்தவில்லை. வாழை இலையில் சோற்றை வைத்து, துவையலை உருட்டி மேலே வைத்துக் கட்டிக் கொடுத்தாள். அவன் சைக்கிளின் பின்னால் அதை மாட்டிக்கொண்டு போனான்.

அம்மியை நாலு தண்ணீர் விட்டுக் கழுவினாள். கழுவிய தண்ணீரை மாடு குடித்துவிடக் கூடாதே என்று தூரத்தில் கொண்டுபோய்க் கொட்டினாள். 

வேலிக்கு அந்தப் பக்கம் சபூரா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கமாலுதீனுக்குச் சூலியா தெருவில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. பிச்சைமுத்துவிடம்தான் பால் வாங்குவான். பிச்சைமுத்து அடித்துத் துரத்திய ஒரு மழை நாளில், குணவதி அவர்கள் குசினி அடுப்படியில்தான் ஒண்டியிருந்தாள். கமாலுதீன் ஒன்றும் கேட்கவில்லை. தன் போர்வையை எடுத்துச் சபூராவிடம் கொடுத்து, அவளுக்குப் போர்த்தச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

"ஏ புள்ளே, துவையல் அரைச்சுட்டியா?" என்றாள் சபூரா சிரித்தபடி. "எங்க வீட்டு மனுசன் ஒரு வாரமா அதே பேச்சு. கடை பூரா கறியும் மீனும் கெடக்குது, ஆனா முத்துவோட பொஞ்சாதி அரைக்கிற கருவாட்டுத் துவையல்தான் வேணுமாம். காலையில முத்து இங்க பால் ஊத்த வந்தப்பவே சொல்லி அனுப்பிட்டாரு. ரெண்டு பேரும் ஒண்ணாத் திங்கப் போறாங்களாம்."

குணவதியின் கையில் இருந்த செம்பு கீழே விழுந்தது.

"என்னடி ஆச்சு?"

குணவதி செம்பைத் தாண்டினாள். வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். சபூரா பின்னாலேயே கூப்பிடுவது கொஞ்ச தூரம் கேட்டது.

உச்சி வெயில். டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு அவளைக் கடந்து போயிற்று, முந்தானையில் காசில்லை. செருப்பில்லாத காலில் சூடு ஏறியது. ரிக்‌ஷாக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பினாங்கு ரோட்டுத் திருப்பத்தில் ஒரு மாட்டுவண்டியில் இடித்துக்கொண்டு விழுந்தாள், எழுந்தாள். பிச்சைமுத்துவின் முகம் அவள் நினைவில் வரவே இல்லை. சபூரா அந்தத் துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போவாள், சாயங்காலம் விளக்கேற்றுவாள், கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த ஒரு படம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

கடை வாசலில் சைக்கிள் நின்றது. உள்ளே கூட்டம் ஓய்ந்திருந்தது. கடைசி மேசையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் விரித்த வாழை இலை. இலையில் சோற்றுப் பருக்கைகள் மட்டும் ஒட்டியிருந்தன.

கமாலுதீன் விரலை நக்கிக்கொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தான். "வாம்மா, வா. இப்பத்தான் உன் பேச்சு ஓடிக்கிட்டிருந்துச்சு. முத்துவுக்கு அரை உருண்டைகூட விடலை நான்."

"அண்ணே..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "கக்கிடுங்க அண்ணே. அதுல அரணை... அரணை விழுந்திருச்சு."

கமாலுதீனின் சிரிப்பு அப்படியே நின்றது. கடைப் பணியாள் கையில் இருந்த தேத்தண்ணி வழிந்தது. பிச்சைமுத்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, தொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

"தௌபா, தௌபா" என்று கமாலுதீன் இறைவனிடம் மன்னிப்புக் கேட்டு முணுமுணுத்தான். நெற்றியில் வேர்வை முத்து முத்தாகக் கட்டியது. எழுந்திருக்கப் பார்த்தவனுக்குக் கால் நிற்கவில்லை, மறுபடி உட்கார்ந்துவிட்டான். "கை மரத்துப் போற மாதிரி இருக்குதே... சபூராவுக்கு ஆள் அனுப்பு. சீக்கிரம் ஆள் அனுப்புலா!"

நாலு கடை தள்ளி மருந்துக்கடை வைத்திருந்த வேலு டிரெஸரை யாரோ கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். முன்பு தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் வேலை பார்த்தவர் அவர். வயிறு பெருத்த, சிடுசிடுப்பான மனிதர். ஒரு வார்த்தையும் கேட்காமல் உப்புத் தண்ணீரைக் கலக்கி இரண்டு பேர் வாயிலும் ஊற்றினார். இருவரும் குடல் வெளியே வந்துவிடும் போலக் கக்கினார்கள். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பாய் போய்ச் சேர்ந்துவிடுவார் என்று யாரோ கூட்டத்துக்குள் சொன்னது குணவதியின் காதில் விழுந்தது. அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

பிச்சைமுத்து வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. நேராக அவளிடம் வந்தான்.

"கவனமில்லாத கழுதை!" கை ஓங்கிவிட்டது. "அம்மியில என்ன கெடக்குதுன்னு பாத்து அரைக்கத் தெரியாது உனக்கு?"

கமாலுதீன் கையை நீட்டித் தடுத்தான். "விடு முத்து. பாவம், தெரியாம நடந்தது. தெரிஞ்ச உடனே இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கு பாரு, நம்மளைக் காப்பாத்த. காலப் பாரு, ரத்தம்."

அதைத்தான் குணவதியால் தாங்க முடியவில்லை. அடியை அவள் தாங்கியிருப்பாள்.

"கவனத்தோடதான் போட்டேன்" என்றாள்.

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"என்னடி சொன்னே?"

"தானா விழலை. நாந்தான் பிடிச்சேன். நாந்தான் வச்சு அரைச்சேன்." அவள் பிச்சைமுத்துவைப் பார்க்கவில்லை, கமாலுதீனைத்தான் பார்த்தாள். "அண்ணே, உங்களுக்குன்னு இல்லை. நீங்க சாப்பிடுவீங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. இவரு என்னை இன்னிக்குச் சாயங்காலம் குழியில போட்டு மூடப் போறாரு. குழி வெட்டி வச்சிருக்காரு."

"அடிப் பாவி! அது மழைத்தண்ணி வடியறதுக்கு வெட்டினதுடி!" என்று பிச்சைமுத்து கத்தினான். கத்தினானே தவிர, ஓங்கிய கையைத் தானாகவே இறக்கிக்கொண்டான். ஓரடி பின்னால் நகர்ந்தான். "போலீஸ் மாத்தாவக் கூப்பிடுங்க! போலீசைக் கூப்பிடுங்க! கட்டின புருசனுக்கு விஷம் வச்சிருக்கா. எல்லாரும் கேட்டீங்கல்ல?"

வேலு டிரெஸர் கமாலுதீனின் நாடியைப் பிடித்தபடி கேட்டார். "முழு அரணையா போட்டே?"

"இல்லைங்க. வால் மட்டும். அது குட்டி போட்டிருந்துச்சு. விட்டுட்டேன்."

டிரெஸர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நாடியை விட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாய், எழுந்திரிங்க. ஒண்ணும் ஆகாது."

"கை மரத்துப் போகுதே டிரெஸர்..."

"பயத்துல மரத்துப் போகுது. அரணைக்கு விஷம் கிடையாது. பல்லுலயும் கிடையாது, நாக்குலயும் கிடையாது, வாலுலயும் கிடையாது. தோட்டத்துல ஜாவாக்காரங்க சொறி சிரங்குக்கு அதைச் சுட்டுத் தின்பாங்க, நானே பாத்திருக்கேன். ஒருத்தனும் சாகலை. பிடிக்க வந்தவன் கையில வால விட்டுட்டு ஓடுறது ஒண்ணுதான் அதுக்குத் தெரிஞ்ச வித்தை. போன வாலும் அப்புறம் முளைச்சிரும்."

கூட்டத்தில் யாரும் நம்பவில்லை. "நீங்க சொல்றதுதான்... ஆனாலும்" என்று ஒருவர் இழுத்தார். டிரெஸருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நடுக்கடையில் உட்கார்ந்தார். "நான் இங்கயே உக்காந்திருக்கேன். செத்தா என்னைக் கேளுங்க."

எல்லோரும் காத்திருந்தார்கள். குணவதியும் நின்றபடியே காத்திருந்தாள். அவளுக்கு டிரெஸர் சொன்னதை நம்ப ஆசையாகவும் இருந்தது. நம்பப் பயமாகவும் இருந்தது. கமாலுதீன் ஒவ்வொரு முறை இருமும்போதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாசலில் விழுந்த கூரை நிழல் மெல்ல நீண்டது. வேடிக்கை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கடைசியில் கமாலுதீன், "பசிக்குது" என்றான். சொன்னவுடனே அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

பிச்சைமுத்து விடவில்லை. "விஷமோ இல்லையோ, அவ கொல்லத்தானே பாத்தா? போலீசுக்குப் போறேன்."

"போ" என்றார் டிரெஸர். "பொஞ்சாதி உனக்கு அரணை வாலைக் குடுத்தான்னு சொல்லு. ஏன் குடுத்தான்னு கேப்பாங்க. அந்த மணிக்கட்டு எப்படிக் கோணிச்சுன்னு கேப்பாங்க. என்னையும் கூப்பிடுவாங்க, இப்ப நீ கை ஓங்கினதைக் கண்ணால பாத்தேன்னு நானும் சொல்வேன். அந்தக் குழியையும் வந்து பாப்பாங்க, எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம்னு."

பிச்சைமுத்து வாசலில் இறங்கினான். சைக்கிளை எடுத்தான். போவதற்கு முன் ஒரு முறை குணவதியைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபத்தை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இது கோபமில்லை. பயம்.

அவன் போன சற்று நேரத்தில் சபூரா ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். புருஷன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவன் முகம், தோள், கை எல்லாம் தடவிப் பார்த்தாள். பிறகு நடந்ததைக் கேட்டாள். கேட்டு முடித்ததும் குணவதியிடம் வந்து கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"உனக்கு என் வீட்டுல சோறு போட்டேனேடி! என் மனுசனையும் சேத்தா கொல்லப் பாத்தே? அதுவும் ஹராமானதை அவரு வாயில வச்சு..."

"தெரியாமத் தின்னது. அல்லா மன்னிப்பான்" என்றான் கமாலுதீன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்தப் புள்ளை கத்துறது வேலிக்கு இந்தப் பக்கம் எத்தனை நாள் கேட்டிருக்கு சபூரா? நாமளும் கேட்டுட்டு, வீட்டுக்கு வீடு நடக்குறதுதானேன்னு திரும்பிப் படுத்தோம். அதுக்கு யாரு நம்மளை அறையப் போறா?"

சபூரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு குணவதியின் கையைப் பிடித்து ரிக்‌ஷாவை நோக்கி இழுத்தாள். "ஏறு. அந்த வீட்டுக்கு இனிமே நீ போகக் கூடாது. ஆனா ஒண்ணு, என் குசினிக்குள்ள கால் வைக்கக் கூடாது. பாத்திரத்தைத் தொடக் கூடாது. கேட்டுக்கிட்டியா?"

குணவதி தலையை ஆட்டினாள்.

சபூரா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். குணவதி அவர்கள் வீட்டில் பெருக்கினாள், துணி துவைத்தாள், கடைக்குச் சாக்கு தைத்தாள். குசினி வாசலில் நின்று தட்டை நீட்டி வாங்கிச் சாப்பிட்டாள். சபூரா அவளிடம் நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பிச்சைமுத்து தனியாக இருந்தான். தண்ணீரைக்கூடத் தானே இறைத்து, தானே மூடி வைத்து, தானே குடித்தான். தன் பாலைத் தானே முகர்ந்து பார்த்தான். விஷயம் ஊருக்குள் பரவி, வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். இத்தனை நாள் கேட்காதவர்கள்கூட மணிக்கட்டைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் மாடுகளை விற்றுவிட்டு, அவன் பாலிக் புலாவ் பக்கம் ஏதோ ஜாதிக்காய்த் தோட்டத்தில் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

நோன்பு மாதத்தில் சபூராவுக்குக் காய்ச்சல் கண்டது. படுத்த இடத்திலிருந்தே குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சாயங்காலம் நெருங்கியது. கமாலுதீன் நோன்பு திறக்க வரும் நேரம். அடுப்பு எரியவில்லை.

"குணவதி" என்று கூப்பிட்டாள். கஞ்சிக்கு அரிசி எங்கே இருக்கிறதென்று சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்று கமாலுதீன் முதல் வாய் குடித்துவிட்டு, "உப்புக் கம்மி" என்றான். சபூரா கிண்ணத்தை வாங்கி மிச்சத்தைக் குடித்தாள்.

பெருநாள் கழிந்த ஒரு மத்தியானம் பிச்சைமுத்து வேலிப் படலுக்கு வெளியே வந்து நின்றான். இளைத்துக் கறுத்துப் போயிருந்தான். வீட்டுக்காரர்களிடம் ஏதோ சொல்ல வந்தவன் போலத் தெரிந்தது. நடந்தே வந்திருந்ததால் உதடு காய்ந்திருந்தது. குணவதி அவனைப் பார்த்தாள். முன்பு இருந்த நடுக்கம் அவளுக்கு வரவில்லை. வீடு தேடி வந்தவர்களுக்குக் கொடுப்பது போல ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து படலோரக் கல்லின் மேல் வைத்தாள்.

அவன் செம்பை எடுத்தான். உள்ளே பார்த்தான்.  அவளைப் பார்த்தான். மறுபடி செம்புக்குள் பார்த்தான். பிறகு சிந்தாமல் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, வந்த வழியே வெயிலில் திரும்பி நடந்தான்.

உள்ளே உலை கொதித்து மூடியைத் தள்ளும் சத்தம் கேட்டது. குணவதி அரிசி களையப் போனாள்.